மிதக்கத் தண்ணீர் தேடி

அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் ராஜபாளையத்துக்குச் செய்தி எட்ட அரை மணி நேரம் ஆகாது. யாராவது போனில் படம் எடுத்து அனுப்புவார். டீக்கடையில் நாலு பேர் அதைப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், முடங்கியாறு ரோட்டில் மேற்கே பார்த்து டூவீலர்கள் வரிசை கட்டும். பின்சீட்டில் துண்டு, எண்ணெய், சோப்பு, புளியோதரைப் பொட்டலம்.

ஒரு கார்த்திகை மாதத்தில் அந்த வரிசையில் மதுரைக்கார நண்பர்கள் இருவர் இருந்தார்கள். ஒருவர் வங்கி ஊழியர், மற்றவர் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். துண்டு, சோப்போடு அவர்கள் பையில் இரண்டு காற்று மெத்தைகளும் இருந்தன. மலையேறுகிறவர்கள் கூடாரத்துக்குள் விரித்துப் படுப்பது. சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவுக்கு அடங்கிவிடும். அதன் மேல் மல்லாந்து படுத்து, காட்டாற்றில் ஒரு கிலோமீட்டராவது மிதந்து வர வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

இந்த ஆசை பிறந்த இடம் அலாஸ்கா. 1982இல் அங்கே ஹோப் என்ற ஊரிலிருந்து ஹோமர் என்ற ஊருக்கு, சாலை இல்லாத வனாந்தரத்தின் வழியாக ஒரு போட்டி நடத்தினார்கள். குறுக்கே பனி உருகி ஓடும் ஆறுகள். நீந்துவதா, சுற்றிப் போவதா என்று இளவட்டங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, 55 வயது டிக் கிரிஃபித் முதுகுப்பையிலிருந்து ஒரு சின்னக் காற்றுப் படகை எடுத்தார், ஊதினார், ஏறி உட்கார்ந்து அக்கரைக்குப் போய்விட்டார். பைக்குள் மடித்து எடுத்துப்போகும் படகுகளுக்கு அதன் பிறகுதான் அங்கே மவுசு கூடியது. யோசனை என்னவோ பழையது. 1840களில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பீட்டர் ஹால்கெட், ரப்பர் பூசிய துணியில் ஒரு மேலங்கி தைத்தார். ஊதினால் அதுவே படகு. அதற்கும் முன்னால், கி.மு. 9ஆம் நூற்றாண்டு அசீரிய மன்னன் அசுர்நசிர்பாலின் அரண்மனைச் சுவரில், ஊதிய ஆட்டுத்தோலைக் கட்டிப் பிடித்தபடி ஆற்றைக் கடக்கும் வீரர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

இயற்பியல்காரர் கணக்கும் போட்டு வைத்திருந்தார். மெத்தை ஆறடி நீளம், இரண்டடி அகலம், மூன்று அங்குலக் கனம். மொத்தம் மூன்று கன அடி, ஏறக்குறைய 85 லிட்டர். முழுக்க அமிழ்ந்தால் 85 கிலோ தண்ணீரை அது ஒதுக்கும். அந்த அளவுக்குத் தூக்கியும் பிடிக்கும். மனித உடம்பு தண்ணீரில் கிட்டத்தட்டத் தானாகவே மிதக்கக்கூடியது என்பதால் இது தாராளம். கணக்கில் பிழை இல்லை. ஆற்றைப் பற்றித்தான் அதில் ஒன்றுமே இல்லை.

வனத்துறை செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்த்த வாச்சர் மெத்தையை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

“என்ன தம்பி இது, மெத்தையா? காட்டுக்குள்ள தூங்கவா வந்தீக?”

“இல்லண்ணே, ஆத்துல மிதக்க.”

அவர் சிரிக்கவில்லை. “இந்த ஆறு மிதக்க விடாது தம்பி. உருட்டும்.”

மெத்தைகள் செக்போஸ்ட் பெஞ்சுக்கு அடியில் போயின. நண்பர்கள் கைவீசி நடந்தார்கள். நடந்த கொஞ்ச நேரத்திலேயே வாச்சர் சொன்னதன் அர்த்தம் கண்ணுக்குத் தெரிந்தது. ராஜபாளையத்துக்கு மேற்கே உள்ள மலை ஆறாயிரம் அடிக்கு மேல் எழுகிறது. முகட்டுக்கும் ஊருக்கும் நடுவில் உள்ள தூரமோ குறைவு. அத்தனை உயரத்தையும் அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் இறங்கித் தீர்க்க வேண்டிய தண்ணீருக்குப் பாறைதான் பாதை. இடுப்பளவு ஒரு கசம், அதற்கு அடுத்து யானை முதுகு போல ஒரு பாறை, இரண்டு பாறைக்கு நடுவே ஒரு சாண் இடுக்கு, மறுபடி கசம். அந்த இடுக்கில் தண்ணீர் வெள்ளையாக நுரைத்துப் போகிறது. மெத்தை அங்கே போனால் மடங்கும். மேலே படுத்திருப்பவர் அடியில் போவார்.

நீர்காத்த அய்யனார் கோவில் இந்த ஆற்றின் அக்கரையில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஆற்றைக் கடந்து சாமி கும்பிடப் போனவர்கள், திரும்பும்போது வெள்ளம் வந்து அக்கரையில் மாட்டிக்கொள்வதும், தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி ஒவ்வொருவராக இக்கரை சேர்ப்பதும் பல வருடங்களாகச் செய்தித்தாளில் வரும் சங்கதி. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே முகட்டில் கொட்டித் தீர்த்திருக்கும். இந்த மலைக்காரர்கள் அதைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் அடையாளங்கள் எளிமையானவை. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கும். காய்ந்த சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வரும். கல்லோடு கல் உருளும் சத்தம் கேட்கும். முதல் அடையாளத்திலேயே கரையேறிவிட வேண்டும். மூன்றாவதுக்குக் காத்திருந்தால் நேரம் இருக்காது. இதே மலைத்தொடரில், வத்திராயிருப்புக்கு மேலே சதுரகிரியில், 2015 மே மாதம் அமாவாசைக்கு மலையேறியவர்கள் காட்டாற்று வெள்ளத்தில் சிக்கிப் பலர் உயிரிழந்தார்கள். மே மாதம் என்பதைக் கவனிக்க வேண்டும். கோடையில் வந்த வெள்ளம் அது.

இந்த ஆற்றில் மிதக்கக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை வாச்சர் சொல்லவில்லை. இந்த ஆற்றுத் தண்ணீர் கீழே ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, அங்கிருந்து ராஜபாளையம் குழாய்களுக்கு. இப்போது தாமிரபரணித் தண்ணீரும் ஊருக்கு வருகிறது என்றாலும், தலைமுறைகளாக ஊர் குடித்து வளர்ந்தது இதைத்தான். மழைநிழலில் கிடக்கும் விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஆறு எதற்கு என்று கேட்டால் முதல் பதில் குடிக்க, இரண்டாவது பதில் விவசாயத்துக்கு. விளையாட்டு என்பது மிச்சத்தில்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பிலும் கதை இதேதான். அங்கே ஆற்றோரம் நிற்கும் மரங்களின் மேல் நரை அணில் குடியிருக்கிறது. ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்கு வாழ்க்கை. தரையில் இறங்குவதை அது விரும்புவதில்லை. ஆற்றங்கரையில் ஈரம் இருப்பதால் மரங்கள் நெருங்கி வளர்கின்றன, அதனால்தான் அணிலும் ஆற்றை விட்டு நகர்வதில்லை. இந்த அணிலுக்காகவே 1988இல் இந்த மலையைச் சரணாலயம் ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் அதையும் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் ஐந்தாவது, பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம். மெத்தையோடு போனாலும் சரி, மெத்தை இல்லாமல் போனாலும் சரி.

அப்படியென்றால் இந்தப் பக்கத்தில் யாருமே மிதப்பதில்லையா?

மிதக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கி வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் நின்றால் பார்க்கலாம். கண்மாய் நிறைந்த வருடங்களில், விடியற்காலையில், கறுப்பு லாரி டியூப் ஒன்று நடுத்தண்ணீரில் மெதுவாக நகரும். அதன் ஓட்டையில் குறுக்கே பலகை கட்டி ஒருவர் உட்கார்ந்திருப்பார். இரண்டு கையிலும் மட்டை மாதிரி சின்னப் பலகை. மடியில் வலை. ஒரு கையால் துழாவி, மறு கையால் வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போவார். ஜிலேபிக் கெண்டைக்கு விரிக்கிற வலை. சிலர் தெர்மாகோல் கட்டிகளைச் சாக்கில் கட்டி அதன் மேல் உட்கார்ந்து போகிறார்கள். இப்போது வரும் லாரிகளுக்கு டியூப் இல்லாத டயர்தான் அதிகம் என்பதால் நல்ல டியூப் கிடைப்பது சிரமமாகிவிட்டதாம்.

செக்போஸ்ட்டிலிருந்து திரும்ப வாங்கி வந்த மெத்தையை நண்பர்கள் இங்கே ஊதினார்கள். கரைக்கு வந்த மீன்காரர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு அதைத் தடவிப் பார்த்தார். துணி மாதிரி இருக்கிறதே என்றார். தையல் இல்லையே, எப்படி ஒட்டினார்கள் என்று கேட்டார். சூடு வைத்து ஒட்டுவது என்று இயற்பியல்காரர் விளக்கினார். அவர் தலையாட்டினார்.

“எல்லாஞ் சரி அண்ணாச்சி. கம்மாய்க்குள்ள பூராம் சீமைக்கருவேலம் நிக்கு. முள்ளு ஒண்ணு போதும். நம்ம டியூப்பு கனமான ரப்பரு, குத்துனாலும் கரை சேந்துரலாம். இது அப்படியே உக்காந்துரும்.”

முள் இல்லாத ஓரமாக அவரே காட்டிக்கொடுத்த இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், வங்கிக்காரர் படுத்தார். மெத்தை மிதந்தது. கணக்கு சரிதான். ஆனால் அவர் தலையைத் தூக்கியதும் கால்பக்கம் உயர்ந்தது, கையை நீட்டியதும் ஒரு பக்கம் சாய்ந்தது. வெயிலில் ஊதிய காற்று குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுருங்கி, மெத்தை தொளதொளத்தது. மேற்கிலிருந்து மலைக்காற்று ஒரு வீச்சு வீசியதும் ஆள் கிழக்கே ஆகாயத்தாமரைக்குள் போய்ச் சேர்ந்தார். நதியில் மிதக்கும் சுகம் அதில் இல்லை. கரையிலிருந்த பையன்களுக்குத்தான் நல்ல பொழுதுபோக்கு.

இந்த ஊர் மிதவைகளில் பெரியது சாமிக்கு உரியது. கோவில் தெப்பங்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், பூவுக்கும் சரவிளக்குக்கும் அடியில் வரிசையாக மூடி இறுக்கிய காலிப் பீப்பாய்கள் இருக்கும். பீப்பாய்க்குள் இருப்பதும் காற்றுதான். ஆண்டாள் கோவிலுக்குரிய திருமுக்குளத்தில் தெப்பம் ஓடுமா, ஓடாதா என்பதை முடிவு செய்வது குளத்தில் உள்ள தண்ணீர். அது மழையின் கையில்.

ராஜபாளையத்துக்காரர்கள் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்க்கும்போது தெரியும் முகட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதுதான் இந்தப் பயணத்தின் சுவையான பகுதி. மிதப்பதற்கென்றே செய்தது போன்ற ஒரு வனநதி அங்கே பிறக்கிறது. பெரியாறு. 244 கிலோமீட்டர், கேரளத்தின் மிக நீளமான ஆறு. சிவகிரி மலைப் பக்கம் தொடங்கி, வழியில் ஊரோ சாலையோ இல்லாத மழைக்காட்டுக்குள் வடக்கு நோக்கி ஓடி, முல்லையாற்றைச் சேர்த்துக்கொண்டு முல்லைப் பெரியாறு அணைக்கு வருகிறது. கிழக்குச் சரிவில் பெய்யும் மழை வைப்பாற்றுப் பக்கம் இறங்கி, கண்மாய்களை நிரப்பியது போக மீதம் இருந்தால் தூத்துக்குடி மாவட்டத்தில் கடலைத் தொடும். மேற்குச் சரிவில் பெய்யும் மழை பெரியாறாகும்.

வேடிக்கை அதற்கு மேல்தான். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை அந்தத் தண்ணீரைத் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பிவிட்டது. அங்கிருந்து வைகை. ஆக, ராஜபாளையத்தின் முதுகுப்பக்கம் பெய்யும் மழை வடக்கே போய், மலையைத் துளைத்து, தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று தமிழ்நாட்டுக்கே திரும்பி வருகிறது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மட்டும் அதில் சொட்டு கிடையாது. பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் உபரி நீரை வைப்பாற்றுக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு 1995இல் சாத்திய அறிக்கை தயாரானது. கேரளம் ஒப்புக்கொள்ளாததால் அது காகிதத்தோடு நிற்கிறது. வத்திராயிருப்புக்கு மேலே பிளவக்கல்லில் இந்தப் பக்கத்து ஆறு ஒன்றின் குறுக்கே ஓர் அணை உண்டு. அதன் பெயரும் பெரியாறு அணைதான். பெயரிலாவது இரண்டு பக்கமும் சமம்.

நண்பர்கள் மெத்தைகளைச் சுருட்டிக்கொண்டு முகட்டுக்கு அந்தப் பக்கத்துப் பெரியாற்றுத் தண்ணீரைத் தேடிப் போனார்கள். முகட்டைக் கடந்து நேராகப் போக வழியில்லை, அது யானைக்கும் புலிக்கும் உள்ள பாதை. மனிதர்களுக்கு டி.கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி, கம்பம், குமுளி என்று சுற்றுவழி. தேனிப் பக்கம் சாலையோரம் இலவம்பஞ்சு மெத்தைக் கடைகள். போடியைச் சுற்றி இலவ மரம் அதிகம். இந்தப் பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே காற்று அடைத்த சின்னக் குழாய். மேலே மெழுகுப் பூச்சு, அதனால் தண்ணீர் ஏறாது. இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை கப்பல் மாலுமிகளின் உயிர்காப்பு உடைக்குள் திணித்தது இதே பஞ்சைத்தான். அமெரிக்காவிலிருந்து வந்த மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு, உண்மையிலேயே மிதக்கக்கூடிய மெத்தைகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள் இருவரும்.

குமுளியை அடுத்த தேக்கடியிலும் மெத்தைக்கு அனுமதி இல்லை; அறையிலேயே கிடந்தது. ஆனால் மூங்கிலுக்கு அனுமதி உண்டு. பெரியாறு புலிகள் காப்பகத்தார் நடத்தும் தெப்பப் பயணம் காலை எட்டு மணிக்குத் தொடங்கும், மாலை ஐந்துக்கு முடியும். பத்துப் பேர்தான் போக முடியும். வழிகாட்டிகளும் துப்பாக்கி வைத்த காவலர் ஒருவரும் உடன் வருவார்கள். முதலில் காட்டுக்குள் நடை. அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரை துணி உறை கொடுக்கிறார்கள். பிறகு நீர்க்கரையில் மூங்கில் கழிகளை இணைத்துக் கட்டிய தெப்பம் காத்திருக்கும். உயிர்காப்பு உடையைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும், துடுப்பு போட வேண்டும்.

அந்த வழிகாட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. அவர்களில் பலர் ஒரு காலத்தில் இதே காட்டில் வயணப்பட்டை என்ற லவங்க இனத்து மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள், வேட்டையும் ஆடியவர்கள். 1990களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. வழக்குகளிலிருந்து விடுதலை, பதிலுக்குக் காட்டைக் காவல் காக்க வேண்டும், பயணிகளை அழைத்துப்போய்ச் சம்பாதித்துக்கொள்ளலாம். வனத்துறை செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் இதற்கு முதல் வரிசையில் இடம் கொடுக்கலாம். யானைத் தடத்தை மோந்து பார்த்து எத்தனை நேரம் ஆயிற்று என்று சொல்ல, பாடப்புத்தகம் படித்தவரால் முடியாது.

தெப்பத்தில் உட்கார்ந்தால் தண்ணீருக்கும் ஆளுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. மூங்கில் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறி உட்காருமிடத்தை நனைக்கிறது. என்ஜின் கிடையாது, சத்தமும் கிடையாது. சுற்றிலும் நீருக்கு மேல் கறுத்த மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை, நூற்றிருபது வருடங்களுக்கு மேலாக உளுத்துப் போகாமல் நிற்கும் தடிகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். அதன் எச்சம் விழுந்து கட்டையின் தலை வெளுத்திருக்கும். கரையில் காட்டெருமை நின்றால் வழிகாட்டி துடுப்பைத் தூக்கிக் காட்டுவார். எல்லோரும் துடுப்பை நிறுத்துவார்கள். தெப்பம் தானாக நகரும்.

தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில் வழிகாட்டி ஒரு விதியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்: எதைப் பார்த்தாலும் எழுந்திருக்கக் கூடாது, ஒரே பக்கம் சாயக் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் ஜலகன்யகா என்ற இரட்டை அடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கப் பலர் ஒரே பக்கம் ஒதுங்கினார்கள் என்று அப்போது பேசப்பட்டது. கண்மாயில் கையை நீட்டியதும் மெத்தை சாய்ந்ததே, அதே இயற்பியல்தான். இயற்பியல்காரர் அதன் பிறகு துடுப்பை விடவே இல்லை.

முல்லையாறு சேர்வதற்கு மேலே, அந்த உண்மையான வனநதியில் மிதக்க யாருக்கும் அனுமதி கிடையாது. அப்படியே இருப்பதுதான் நல்லது. இப்படிப்பட்ட இடங்களுக்குப் போய்ப் படம் எடுத்துப் போட ஆசைப்படுகிறவர்களால்தான் அருவி வழிகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன என்பது ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துக்காரர்களின் குறை. அதில் நியாயம் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: தேக்கடித் தெப்பத்துக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், இடம் பத்துப் பேருக்குத்தான். மழையும் வெயிலும் ஒரே நாளில் வரும் என்பதால் மாற்றுத்துணி இருக்கட்டும். அய்யனார் கோவில் ஆற்றுக்குப் போவதானால் செக்போஸ்ட்டில் நின்று, “மேல மழையாண்ணே?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். முகட்டில் மேகம் கறுத்திருந்தால் ஆற்றைக் கடக்க வேண்டாம். சோப்பையும் ஷாம்பு பாக்கெட்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அந்தத் தண்ணீரைத்தான் கீழே குடிக்கிறார்கள்.